பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை எல்லோரும் போட வேண்டுமா? அம்மாவின் கால் எரிச்சலும் பி12 சந்தேகமும்

சுதா, மந்தைவெளி

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்காகக் கேட்கிறேன். வயது 63. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பத்து வருடத்துக்கு மேலாகப் போடுகிறார். சுத்த சைவம், முட்டை கூடக் கிடையாது. காபியில் விடும் பாலும் மோரும்தான். நெஞ்செரிச்சலுக்காகக் காலையில் வெறும் வயிற்றில் பான்டோபிரசோல் ஒன்று, அதுவும் வருஷக்கணக்கில் ஓடுகிறது.

கொஞ்ச நாளாக ராத்திரியில் உள்ளங்கால் எரிகிறது என்று ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு படுக்கிறார். இன்னொன்றும் கவனித்தேன். வாஷ்பேசினில் கண்ணை மூடி முகத்துக்குச் சோப்புப் போடும்போது உடம்பு ஆடி, சட்டென்று சுவரைப் பிடித்துக்கொள்கிறார். கண் திறந்திருந்தால் ஒன்றும் இல்லை, நன்றாக நடக்கிறார்.

தெருமுனை மருந்துக்கடையில் சொன்னேன், பி காம்ப்ளெக்ஸ் ஒரு அட்டை கொடுத்தார்கள். பெரிய அக்கா ஆன்லைனில் ஆயிரத்து சொச்ச ரூபாய்க்கு ஒரு டப்பா அனுப்பியிருக்கிறாள். எதைக் கொடுப்பது? இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

பெரம்பூர் பார்மசிஸ்ட்

சுதா மேடம், இரண்டையும் இப்போதைக்கு எடுத்து வையுங்கள். முதலில் ரத்தப் பரிசோதனை. மாத்திரையோ ஊசியோ போட்ட பிறகு எடுத்தால் ரத்தத்தில் பி12 ஏறித்தான் காட்டும், உள்ளே எவ்வளவு குறைந்திருந்தது என்று தெரியாமலே போய்விடும். எங்கள் கவுன்டரில் தினமும் நடக்கிற விஷயம் இது. "அசதியா இருக்கு, ஒரு சத்து மாத்திரை குடுங்க" என்பார்கள். மாத்திரை போட்டதும் சிறுநீர் பளீர் மஞ்சளாகப் போகும், "உள்ள போய் வேலை செய்யுதுப்பா" என்று சந்தோஷப்படுவார்கள். அந்த மஞ்சள் ரிபோஃப்ளேவின், அதாவது பி2. உடம்புக்குத் தேவைப்படாத மிச்சம் வெளியேறுகிறது, அவ்வளவுதான்.

அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். பி1, பி2, பி3, பி5, பி6 எல்லாம் மிலிகிராம் கணக்கில் இருக்கும். பி12 மட்டும் மைக்ரோகிராமில், பல அட்டைகளில் 5, 10, 15 என்றுதான் இருக்கும். மிலிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். அம்மாவுக்கு பி12 தான் குறை என்றால் அந்த அளவு எந்த மூலைக்குக் காணும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

துரைப்பாக்கம் ஐடிக்காரன்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு வயது 34, அசைவம் சாப்பிடுகிறேன், வேறு நோய் எதுவும் இல்லை. ஆபீஸில் பாதிப் பேர் "எனர்ஜிக்கு" என்று தினமும் பி காம்ப்ளெக்ஸ் போடுகிறார்கள். இதயத்துக்கும் நல்லது என்கிறார்கள். உண்மையா?

பொதுமருத்துவர், கீழ்ப்பாக்கம்

தம்பிக்குச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு சுதா அம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

பி வைட்டமின்கள் எட்டு. எதிலும் கலோரி கிடையாது. சோறும் எண்ணெயும் பருப்பும் உடம்பில் சக்தியாக மாறும்போது அந்த வேதிவினைகளுக்கு இவை துணை நிற்கின்றன. குறை இருக்கிறவருக்குக் கொடுத்தால் அசதி போகும். குறை இல்லாதவருக்கு மேலும் மேலும் கொடுப்பதால் சக்தி கூடாது. இதயத்தைப் பொறுத்தவரை, பி9 (மாத்திரையில் ஃபோலிக் அமிலம்), பி6, பி12 மூன்றும் சேர்ந்து ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைக் குறைக்கும் என்பது உண்மை. அதனால் மாரடைப்பும் குறையும் என்று எதிர்பார்த்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஐந்து வருடம் நடத்திய ஹோப்-2 என்ற ஆய்வு 2006-இல் வெளிவந்தது. ஹோமோசிஸ்டீன் குறைந்தது, மாரடைப்பும் இதய நோய் மரணமும் குறையவில்லை. ஆகவே உங்களுக்கு மாத்திரை வேண்டாம். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தூக்கம் எவ்வளவு கிடைக்கிறது என்று பாருங்கள்.

சுதா, நீங்கள் எழுதியதைப் படித்தால் எனக்கு முதலில் தோன்றுவது பி12 தான். சைவம், மெட்ஃபார்மின், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, வயது என்று நான்கு காரணமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

உணவில் பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரிக்க இரைப்பை அமிலம் வேண்டும். பான்டோபிரசோல் அந்த அமிலத்தைக் குறைக்கிறது. பிரிந்த பி12-ஐச் சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை கைப்பிடித்துக் கூட்டிப்போகிற ஆள் போல ஒரு புரதம் இருக்கிறது, இன்ட்ரின்சிக் ஃபேக்டர் என்பார்கள். அதையும் இரைப்பைதான் சுரக்கிறது. கடைசிப் பகுதியில் பி12 உள்ளே போகக் கால்சியம் தேவை. மெட்ஃபார்மின் அந்த இடத்தில் குறுக்கிடுகிறது. மெட்ஃபார்மின் போடுகிறவர்களிடம் பி12 குறைவது சகஜமான பக்கவிளைவு என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் மருத்துவர்களுக்கு அறிவிப்பே கொடுத்தது. அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பி12-ஐச் சோதித்துச் சரிசெய்துகொண்டே அதைத் தொடரலாம்.

தினசரித் தேவை இரண்டு, இரண்டரை மைக்ரோகிராம்தான். கல்லீரல் வருடக்கணக்கில் சேமித்து வைத்திருக்கும், அதனால் குறை மெல்லத்தான் வெளியே தெரியும். தெரிகிற நேரத்தில் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். கண்ணை மூடினால் ஆடுவது அதற்கான அடையாளம். பாதம் எங்கே இருக்கிறது என்ற சேதி முதுகுத்தண்டு வழியாக மூளைக்குச் சரியாகப் போகவில்லை, அதனால் கண்ணை வைத்தே சமாளிக்கிறார்.

பொதுமருத்துவரிடம் நேரில் கூட்டிப்போங்கள். இசைக்கவை (டியூனிங் ஃபோர்க்) ஒன்றைத் தட்டி அம்மாவின் கால் பெருவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார். நாக்கு வழவழவென்று சிவந்திருக்கிறதா, கைவிரல் கணுக்கள் கறுத்திருக்கின்றனவா என்று நீங்களே இன்றைக்குப் பார்க்கலாம். நம் ஊர் நோயாளிகளிடம் அந்தக் கறுப்பு அடிக்கடி தெரியும். வெயில் என்று விட்டுவிடுவார்கள். ரத்தத்தில் பி12 அளவு, முழு ரத்த எண்ணிக்கை, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், மூன்று மாதச் சர்க்கரை அளவு எல்லாம் ஒரே தடவையில் எடுத்துவிடுங்கள். கால் எரிச்சல் சர்க்கரையாலும் வரும், இரண்டும் சேர்ந்தும் வரும்.

மயிலை பெரியவர்

எனக்கு வயது 74. இந்த மாத்திரை எல்லாம் எங்கள் காலத்தில் ஏது? பழைய சோறும் சின்ன வெங்காயமும் சாப்பிட்டால் பி12 வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே. முருங்கைக்கீரையிலும் இருக்கிறதாமே. ஸ்டான்லியிலேயே பழைய சோற்றை ஆராய்ச்சி செய்தார்கள் என்று பேப்பரில் படித்தேன்.

ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியை, அடையாறு

ஐயா, ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆய்வு குடல் நோய்களுக்காக. பழைய சோற்றில் வளரும் நுண்ணுயிர்கள் குடலுக்கு என்ன செய்கின்றன என்பதுதான் அதன் கேள்வி. புளிக்கும்போது சில பி வைட்டமின்கள் கூடுவதும் உண்டு, இட்லி மாவிலும் அப்படித்தான். ஆனால் பி12-க்காகப் பழைய சோற்றை நம்பி இருக்க முடியாது. கீரை, பருப்பு, காய், தானியம் எதிலும் பி12 கிடையாது. முருங்கைக்கீரையில் ஃபோலேட், அதாவது பி9 உண்டு, அது வேறு. ஸ்பைருலினா மாத்திரை விற்கிறார்களே, அதில் இருப்பது பெரும்பாலும் பி12 மாதிரித் தோன்றும் வேறொரு பொருள், நம் உடம்புக்கு உதவாது.

சைவத்தில் நம்பக்கூடியது பாலும் தயிரும்தான். 100 மிலி பசும்பாலில் அரை மைக்ரோகிராம் அளவுக்கு இருக்கும். அப்படியானால் தேவைக்கு அரை லிட்டர் பால் குடிக்க வேண்டும். காபிக்கு விடும் பால் எவ்வளவு? நீர்மோரில் எத்தனை பங்கு தண்ணீர்? "நாங்க பால் சாப்பிடுறோமே" என்று சொல்கிற வீட்டிலும் குறை வருவது இதனால்தான்.

ஐயா எங்கள் காலத்தில் ஏது என்றீர்கள். அந்தக் காலத்திலும் குறை இருந்தது. நம் மண்ணிலேயே கண்டுபிடித்து எழுதியும் வைத்திருக்கிறார்கள். 1918-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனத்துக்குள் பெரிபெரி நோயை ஆராய ஒரு சின்னப் பிரிவு தொடங்கினார் ராபர்ட் மெக்கரிசன். அதுதான் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. பெரிபெரி என்பது பி1 இல்லாததால் வருவது. நெல்லைத் தீட்டித் தீட்டி வெள்ளையாக்கினால் தவிட்டோடு பி1 போய்விடும். புழுங்க வைத்தால் தவிட்டில் இருக்கிற பி1 அரிசிக்குள்ளே இறங்கிக்கொள்ளும், அப்புறம் தீட்டினாலும் ஓரளவு தங்கும். தமிழ்நாட்டுப் புழுங்கலரிசிக்கு இருக்கிற பெருமை அது. கஞ்சியை வடித்துக் கொட்டினால் அதிலும் கொஞ்சம் போய்விடும். வடித்த கஞ்சியைக் குடித்த நம் பாட்டிமார் செய்தது சரியான காரியம்.

வேலூர் சிஎம்சியில் நடந்ததை நான் வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைகள், கொழுக்கென்றும் இருப்பார்கள், ஆனால் சிரிப்பு நின்றுவிடும், உட்கார்ந்த குழந்தை உட்காராது, தோல் கறுக்கும், ரத்தம் குறையும். தாய்க்கு பி12 இல்லை, அதனால் பாலிலும் இல்லை. ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் நால்வரும் 1962-இல் லான்செட் மருத்துவ இதழில் இதை எழுதினார்கள். பி12 கொடுத்ததும் அந்தக் குழந்தைகள் தேறினார்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் சைவமாக இருந்தால் பி12-ஐச் சோதிக்காமல் விடவே கூடாது என்று நான் மன்றாடிக் கேட்பேன்.

மயிலை பெரியவர்

விளக்கத்துக்கு நன்றி அம்மா. என் மருமகள் ஏழாம் மாதம். இன்றைக்கே சொல்கிறேன்.

வேளச்சேரி வித்யா

எனக்கு முடி கொட்டுகிறது என்று பயோட்டின் (பி7) 10,000 மைக்ரோகிராம் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறேன். போன வாரம் தைராய்டு டெஸ்டில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ரொம்பக் கம்மியாக வந்து, தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்றார்கள். எனக்குப் படபடப்போ எடைக் குறைவோ இல்லை. சம்பந்தம் இருக்குமா?

பொதுமருத்துவர், கீழ்ப்பாக்கம்

இருக்கலாம். பல லேப் கருவிகள் பரிசோதனைக்கே பயோட்டினைப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் அது கூடுதலாக இருந்தால் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்து காட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனின் பரிசோதனையும் பொய்யாகக் குறையலாம், அதுதான் ஆபத்து. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-இலும் 2019-இலும் இதைப் பற்றி எச்சரித்தது. உங்கள் டாக்டரிடம் பயோட்டின் போடுவதைச் சொல்லுங்கள். மூன்று நாளாவது நிறுத்திவிட்டு மறுபடி எடுங்கள். அதற்கு முன்னால் தைராய்டு மாத்திரை எதுவும் தொடங்க வேண்டாம். தேவை தினமும் 30, 40 மைக்ரோகிராம்தான், சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். முடி கொட்டினால் ஃபெரிட்டினைப் பார்ப்பது நல்லது.

அம்பத்தூர் புதுமணத்தம்பதி

குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். ஃபோலிக் அமிலம் எப்போது தொடங்க வேண்டும்? கர்ப்பம் உறுதியான பிறகு போதும் என்று என் மாமியார் சொல்கிறார்.

பொதுமருத்துவர், கீழ்ப்பாக்கம்

முன்பே தொடங்க வேண்டும். குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகிற குழாய் கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்குக் கர்ப்பம் என்று தெரிவதற்குள் அந்த வேலை முடிந்திருக்கும். ஆகவே குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து தினமும் 400 மைக்ரோகிராம். ஏற்கெனவே அந்தக் குழாய் சரியாக மூடாத குழந்தை பிறந்திருந்தால் அளவு பத்து மடங்கு. அதை மகப்பேறு மருத்துவர் எழுதித் தருவார். 1991-இல் வந்த பிரிட்டன் ஆய்வில் அந்த அளவு, மறுபடி பாதிப்பு வருவதை 72 சதவீதம் தடுத்தது. மாத்திரையால் இவ்வளவு தெளிவான பலன் வேறு எந்த பி வைட்டமினிலும் ஆரோக்கியமானவர்களுக்குக் கிடைப்பதில்லை. நீங்கள் சைவமென்றால் பி12-ஐயும் கூடவே பாருங்கள். பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் நிறையக் கொடுத்தால் ரத்தசோகை சரியான மாதிரி தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

காசிமேடு ரவி

நம்ம பக்கம் இந்தப் பிரச்சினை கம்மிதான்னு நெனைக்கிறேன் டாக்டர். மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி வாரத்துல நாலு நாள். ஆனா எங்க அப்பா தினம் குடிப்பாரு, சாப்பாடே எறங்காது. போன வருஷம் கண்ணு ரெண்டும் நிலைகொத்தி, தள்ளாடி, யாரையும் அடையாளம் தெரியாம போச்சு. ஆஸ்பத்திரியில பி1 ஊசி போட்டாங்க, ரெண்டு நாள்ல கண்ணு சரியாச்சு. அது ஏன்?

பொதுமருத்துவர், கீழ்ப்பாக்கம்

ரவி, நீங்கள் சரியான நேரத்தில் கூட்டிப்போயிருக்கிறீர்கள். மது பி1 உள்ளே சேர்வதைத் தடுக்கும், சாப்பாடும் இல்லாவிட்டால் சில வாரத்திலேயே தீர்ந்துபோகும். உடம்பு பி1-ஐ நிறையச் சேமித்து வைப்பதில்லை. வெர்னிக்கி என்கிற அந்த நிலையில் நாள் தள்ளினால் ஞாபகம் நிரந்தரமாகப் போய்விடும். குடிக்கிறவர் தளர்ந்து விழுந்தால் அக்கம்பக்கத்தில் வெறும் குளுக்கோஸ் ஏற்றச் சொல்வார்கள். பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். அப்பா குடிக்கிறார் என்பதைக் கூச்சப்படாமல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நீங்கள் சொன்ன மத்தியில் பி12 ஏராளம், 100 கிராமிலேயே பல நாள் தேவை அடங்கிவிடும். ஈரலில் அதையும் மிஞ்சும்.

வியாசர்பாடி செல்வி

ரேஷன் அரிசியில் நடுவில் நடுவில் வேற மாதிரி அரிசி கிடக்குது, தண்ணியில மிதக்குது. பிளாஸ்டிக் அரிசின்னு பொறுக்கிப் போட்டுடுறோம். அதுலதான் பி12 இருக்குன்னு ஒருத்தர் சொன்னாரு. நெஜமா?

ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியை, அடையாறு

நிஜம்தான் செல்வி, பொறுக்கிப் போடாதீர்கள். அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவத்தில் பிழிந்த மணிகள் அவை. நூறு மணிக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்தவை. விதிப்படி கிலோவுக்கு பி12 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் வரை இருக்க வேண்டும். ஒருவர் நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டால் கால் மைக்ரோகிராம் சொச்சம் வரும். தேவையில் பத்தில் ஒரு பங்கு. நல்லதுதான், ஆனால் குறை வந்துவிட்டவருக்கு இது வைத்தியம் ஆகாது. நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியைக் கொட்டினால் அதுவும் குறையும்.

சுதா, மந்தைவெளி

ரிப்போர்ட் வந்துவிட்டது. பி12 ஒரு மில்லிக்கு 142 பிகோகிராம், லேப் தாளில் 200-க்குக் கீழே குறைவு என்று போட்டிருக்கிறது. ஹீமோகுளோபின் 10.9. ஃபெரிட்டினும் குறைவு. எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) மட்டும் 87, சரியாக இருக்கிறது. பி12 குறைந்தால் சிவப்பணு பெருத்துப்போய் எம்சிவி கூட வேண்டுமே என்று தம்பி கேட்கிறான். டாக்டர் இசைக்கவை வைத்தபோது இரண்டு காலிலும் பெருவிரலில் அதிர்வே தெரியவில்லை என்றார் அம்மா. விரல் கணுவும் கறுத்துத்தான் இருக்கிறது.

பொதுமருத்துவர், கீழ்ப்பாக்கம்

தம்பியின் கேள்வி நல்ல கேள்வி. பி12 இல்லாவிட்டால் அணு பெருக்கும், இரும்பு இல்லாவிட்டால் சிறுக்கும். இரண்டும் ஒன்றாகக் குறைந்தால் சராசரி நடுவில் வந்து நின்று எல்லாம் சரி என்று ஏமாற்றும். எம்சிவி சரியாக இருக்கிறது என்று பி12 பரிசோதனையையே எழுதாமல் விட்டுவிட்டால் இப்படிப்பட்டவர்கள் தப்பிப்போவார்கள்.

நரம்பு பாதித்திருப்பதால் ஊசியில் தொடங்குவது நல்லது. ஆயிரம் மைக்ரோகிராம், ஆரம்பத்தில் அடுத்தடுத்து, பிறகு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதத்துக்கு ஒன்று என்று உங்கள் டாக்டர் அட்டவணை போடுவார். மருந்து நல்ல சிவப்பாக இருக்கும், பயப்பட வேண்டாம். பி12-இல் இருக்கிற கோபால்ட் சேர்க்கையின் நிறம் அது. பின்னாளில் மாத்திரைக்கு மாறலாம். இன்ட்ரின்சிக் ஃபேக்டரே இல்லாவிட்டாலும் விழுங்குவதில் ஒரு சதவீதம் தானாகவே உள்ளே போகும், ஆயிரம் விழுங்கினால் பத்து. அது போதும். அதே ஒரு சதவீதம் 15 மைக்ரோகிராம் மாத்திரையில் எவ்வளவு என்று கணக்குப் போட்டால் பார்மசிஸ்ட் ஐயா ஆரம்பத்தில் சொன்னது விளங்கும்.

பெரம்பூர் பார்மசிஸ்ட்

மேடம், ஒரு விஷயம் மட்டும். கடையில் "நரம்பு மாத்திரை" என்று கேட்டால் மெத்தில்கோபாலமினோடு (பி12-இன் ஒரு வடிவம்) பிரிகாபலின் என்ற நரம்புவலி மருந்து சேர்ந்தது கிடைக்கும். பிரிகாபலின் தலைசுற்றும், தூக்கம் வரும். ஏற்கெனவே ஆடுகிற அம்மா ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்துவிடக் கூடாது. சீட்டில் எழுதாமல் அதை வாங்காதீர்கள்.

அக்கா அனுப்பிய டப்பாவில் பி6 எவ்வளவு என்றும் பாருங்கள். பி6 நரம்புக்கு நல்லதுதான், ஆனால் அளவு மீறி மாதக்கணக்கில் போட்டால் அதுவே கால் மரத்துப்போக வைக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-இல் பெரியவர்களுக்கு உச்ச அளவை நாளைக்கு 12 மிலிகிராம் என்று குறைத்தது. நம் கடைகளில் 40, 50, 100 எல்லாம் சர்வசாதாரணமாக விற்கிறது. காசநோய்க்கு ஐசோனியாசிட் சாப்பிடுகிறவர்களுக்கு பி6 அவசியம், அது வேறு கணக்கு. அதற்கும் சிறிய அளவே போதும் என்று நம் சேத்துப்பட்டு காசநோய் மையமே 1963-இல் ஆய்வு செய்து எழுதியிருக்கிறது.

சுதா, மந்தைவெளி

டப்பாவில் பி6 50 மிலிகிராம் என்று இருக்கிறது. அக்காவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன், அவளும் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு முதல் ஊசி போட்டாயிற்று. எரிச்சல் எப்போது குறையும் டாக்டர்? சரியானதும் ஊசியை நிறுத்திவிடலாமா?

பொதுமருத்துவர், கீழ்ப்பாக்கம்

ரத்தம் சில வாரத்தில் ஏறும். நரம்பு மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். முழுவதும் திரும்புமா என்பது எவ்வளவு நாள் கவனிக்காமல் இருந்தது என்பதைப் பொறுத்தது. சிலருக்கு ஆரம்பத்தில் குறுகுறுப்பு கூடுவதும் உண்டு, அதற்காக நடுவில் நிறுத்த வேண்டாம். சைவமும் மெட்ஃபார்மினும் தொடரும் வரை பி12-உம் ஏதாவது ஒரு வடிவத்தில் தொடர வேண்டும். பான்டோபிரசோல் இன்னமும் தேவையா என்று அடுத்த தடவை டாக்டரிடம் கேளுங்கள், பலருக்குப் பழக்கத்தால் ஓடுகிறது. அதுவரை பாத்ரூமில் ஒரு பிடிகம்பி, ராத்திரியில் ஒரு சின்ன விளக்கு. முகம் கழுவ ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்லுங்கள்.

தாம்பரம் கணேசன்

டாக்டர், என் மாமனாருக்குப் புற்றுக்காக இரைப்பையையே எடுத்துவிட்டார்கள், மூன்று வருஷம் ஆகிறது. அசைவம் நன்றாகச் சாப்பிடுகிறார். அவருக்கும் பார்க்க வேண்டுமா?

பொதுமருத்துவர், கீழ்ப்பாக்கம்

கட்டாயம், இந்த வாரமே. இரைப்பை இல்லையென்றால் இன்ட்ரின்சிக் ஃபேக்டரும் இல்லை, எவ்வளவு கறி மீன் சாப்பிட்டாலும் பி12 உள்ளே போகாது. ஆயுள் முழுக்க ஊசியோ அதிக அளவு மாத்திரையோ வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கிறார்களா என்று எடுத்துப் பாருங்கள். சேமிப்பு தீருகிற காலம் இதுதான்.